சிற்றோடையில் ட்ரவுட் தேடிப் போகிறவர்கள் ஷூ வாங்கும்போது செய்யும் தவறுகள்

ஷூ கடையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பெட்டியைத் திறந்ததும் ஒரு ஷூவைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்ப்போம். லேசாக இருந்தால் மனம் நிறைந்துவிடும். மலை ஓடையில் இறங்கி ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போகிறவருக்கு முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. கடையில் தூக்கிப் பார்த்தது உலர்ந்த ஷூ. ஓடையில் நாள் முழுக்கத் தூக்கி வைக்கப்போவது தண்ணீர் குடித்த ஷூ. இரண்டின் எடையும் ஒன்றல்ல.

நான் இதைச் சொல்வது அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா எல்லையில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைகளை மனதில் வைத்து. அந்தத் தேசியப் பூங்காவுக்குள் மட்டும் சுமார் 2,900 மைல் நீளத்துக்கு ஓடைகள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் 'ஸ்பெக்' என்று சொல்லும் புரூக் ட்ரவுட்தான் அந்த மண்ணின் மீன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து ரெயின்போவும், ஐரோப்பாவிலிருந்து பிரவுன் ட்ரவுட்டும் பின்னால் கொண்டுவரப்பட்டவை. நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து பெருக்கியதும் இதே ரெயின்போதான்.

கோடையில் இந்தச் சிற்றோடைகளுக்கு மார்பு வரை வரும் நீர்புகா உடை தேவையில்லை. அரைக்கால் சட்டையோடு அப்படியே இறங்கி, நனைந்தபடி ஓடையின் மேல்நோக்கி நடப்போம். ஒரு மடுவில் நான்கைந்து முறை தூண்டிலை வீசிவிட்டு அடுத்த மடுவுக்குப் போக வேண்டும். ஆகவே மீன் பிடிக்கும் நேரத்தைவிட நடக்கும் நேரமும் பாறை ஏறும் நேரமும்தான் அதிகம். இதை மறந்துவிட்டு ஷூ வாங்கப் போவதில்தான் மற்றத் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

தண்ணீரில் நடக்கத்தானே போகிறோம், தண்ணீர் புகாத ஷூவாக இருக்கட்டும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் கோடையில் நீர்புகாச் சவ்வு வைத்த மலையேற்ற ஷூவோடு இறங்கினேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்த நொடியில் வாய் வழியாக ஷூ நிறைந்தது. வெளியிலிருந்து உள்ளே தண்ணீரை விடாத அதே சவ்வு, உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். ஜோடி ஏறக்குறைய அரை கிலோ கூடியிருந்தது. காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையைப் போல் பல மடங்கு களைப்பைத் தரும் என்று மலையேறுபவர்கள் சொல்வார்கள். அன்று இரவு தொடை வலித்த வலியில் அது எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு எந்த ஷூ வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் வீட்டில் ஒரு சோதனை செய்கிறேன். புதிய ஷூவை நனைத்துவிட்டால் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்காது என்பதால், கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். உலர்ந்த எடையைக் குறித்துக்கொண்டு, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, எடுத்து ஒரு நிமிடம் வடிய விட்டு மீண்டும் எடை பார்ப்பேன். எவ்வளவு கூடியது, தண்ணீர் எந்த வழியாக வடிந்தது என்பது உடனே தெரிந்துவிடும். வாளி வைக்க வழியில்லை என்றால் கண்ணால் பாருங்கள். உள்ளே தடித்த பஞ்சுத் திணிப்பு இருந்தால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலும் அப்படித்தான். வலைத்துணி மேற்பாகமும், உள்ளங்கால் வளைவின் பக்கவாட்டில் வடிதுளைகளும் இருந்தால் இரண்டு அடி வைப்பதற்குள் தண்ணீர் போய்விடும். துளை பெரிதாக இருந்தால் பொடிக்கல் உள்ளே வரும். மெல்லிய வலை போர்த்திய துளைதான் நல்லது.

இப்போது அடிப்பாகத்துக்கு வருவோம். மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம். இது தவறினால் கை முறியும், தூண்டில் கழி முறியும்.

ஆழமான பல்பல்லாக வெட்டிய சோல் எங்கும் வழுக்காது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பற்கள் சேற்றிலும் மண் சரிவிலும் பதிந்து பிடிப்பதற்காக உண்டானவை. பாசி பூசிய உருண்டைப் பாறையில் பல் பதிய இடமே இல்லை. அங்கே உதவுவது இரண்டு: ரப்பரின் மென்மை, பாறையோடு தொடும் பரப்பு. விரல் நகத்தால் சோலை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் உள்வாங்கினால் ஓடைக்கு ஏற்ற ரப்பர். கல் மாதிரி நின்றால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஈரப்பாறையில் கைவிட்டுவிடும். பாறை ஏறுபவர்கள் போடும் ஷூக்களில் வரும் ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் இதற்கு நன்றாக ஒத்துவருகிறது. சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். நான் அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் எல்லா ஓடையும் ஒன்றல்ல. ஸ்மோக்கியில் பெரும்பாலான இடங்களில் மணற்பாறை. சொரசொரப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும், நல்ல ரப்பர் போதும். ஆப்ரம்ஸ் ஓடை மட்டும் வேறு ரகம். அது கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவதால் தண்ணீரில் தாதுச் சத்து அதிகம். அதனால் பூச்சியும் அதிகம், பாசியும் அதிகம். மீன் கொழுத்து வளரும், மனிதன் வழுக்கி விழுவான். 'ஒரு ஓடையில் நின்ற ஷூ, அதனால் இங்கேயும் நிற்கும்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போகப்போகிற ஓடையின் பாறை என்ன என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்படியானால் ஃபெல்ட் சோல் வாங்கிவிடலாமா? அமுக்கிச் செய்த கம்பளம் போன்ற அந்த அடிப்பாகம் பாசிப் பாறையைப் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனமானது. ஜப்பானிய மலையோடைகளில் ஒரு காலத்தில் வைக்கோல் செருப்பு செய்த வேலையைப் பிறகு ஃபெல்ட் செய்தது. சிற்றோடைக்காரருக்கு அதில் இரண்டு சிக்கல். கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஓடைக்கு இரண்டு மூன்று மைல் மண்பாதையில் நடக்க வேண்டியிருக்கும். ஈர மண்ணிலும் சருகிலும் ஃபெல்ட் சறுக்குமரம் மாதிரி ஓடும். அடுத்தது இன்னும் பெரிய விஷயம்: அது உலர நாளாகும், அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் உயிரோடு அடுத்த ஓடைக்குப் பயணம் செய்யும். டிடிமோ என்ற பாசி 2004இல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2008இல் அந்த நாடு ஃபெல்ட் சோலையே தடை செய்தது. அமெரிக்காவில் மேரிலாந்து 2011இலும் யெல்லோஸ்டோன் பூங்கா 2018இலும் தடை போட்டன. விடுமுறைக்கு வேறு மாநிலம் போகிறவர்கள் அந்த இடத்தின் விதியைப் பார்க்காமல் ஃபெல்ட்டை எடுத்துப் போனால், போன இடத்தில் காலணி இல்லாமல் நிற்க வேண்டிவரும்.

உலோக ஆணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாசியைக் குத்திப் பிடிக்க நல்லவைதான். பாசி இல்லாத வழவழப்பான வெறும் பாறையில் ஆணி சறுக்கும். கல்லில் உரசும் சத்தமும் சின்ன மடுவில் இருக்கும் மீனைக் கலைத்துவிடும். ஆப்ரம்ஸ் போன்ற இடத்துக்கு ஓரத்தில் மட்டும் சில ஆணிகள் போதும்.

அப்புறம் செருப்பு. லேசானது, உடனே உலரும், விலையும் குறைவு. ஆனால் விரல் திறந்த செருப்போடு ஓடையில் நடக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீருக்குள் கால் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரல் நகம் பெயர ஒரு கல் போதும். பொடிக்கல் ஒன்று உள்ளங்காலுக்கும் செருப்புக்கும் நடுவில் மாட்டினால் அதை எடுக்க ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். விழுவது பெரும்பாலும் அப்படி நிற்கும்போதுதான். கரையோரப் புதர்களில் காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பும் உண்டு. விரலை மூடிய, முன்பக்கம் ரப்பர் காப்பு வைத்த ஷூவையே தேர்ந்தெடுங்கள்.

பழைய ஓட்டப்பயிற்சி ஷூ போதாதா என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்குப் பக்கத்தில் மணல் படுகையுள்ள ஓடையில், ஒரு மணி நேரம் என்றால் போதும். பாறை ஓடைக்கு வேண்டாம். அதன் மெத்தென்ற நுரை அடிப்பாகம் கூரான கல்லின் மேல் வளைந்துகொடுத்து உள்ளங்காலை நோகடிக்கும்.

காலுறையைக் கடைசியில் யோசிப்பதும் தவறுதான். பருத்திக் காலுறை ஊறிச் சுருண்டு, குதிகாலில் கொப்புளம் வரவழைத்துவிடும். கம்பளிக் காலுறை நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்த, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள காலுறை இன்னும் நல்லது, மணலையும் தடுக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டுதான் கடையில் ஷூவை அளந்து பார்க்க வேண்டும். பலருக்கு ஒரு அளவு பெரிது தேவைப்படும். அதற்காகத் தொளதொளவென்று வாங்கிவிடாதீர்கள். ஓடையை விட்டு ஏறி, சரிவில் இறங்கும்போது கால் முன்னால் சரிந்து விரல்கள் இடிக்கும். கயிறு நனைந்தால் முடிச்சு தளரும். இரட்டை முடிச்சுப் போட்டு, தொங்கும் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் தூண்டில் நூல் அதில் சிக்கும்.

கணுக்காலை மூடும் ஷூவா, தாழ்ந்ததா? உங்கள் கணுக்கால் முன்பே சுளுக்கியது என்றால் உயரமானது. இல்லையென்றால் உங்கள் விருப்பம்.

ஷூவோடு ஒரு சின்ன வெப்பமானியையும் வாங்கச் சொல்வேன். மேல்மலை ஓடைகளில் தண்ணீர் கோடையிலும் நடுங்க வைக்கும். கால் மரத்தால் எந்தச் சோலும் உதவாது, எங்கே மிதிக்கிறோம் என்ற உணர்வே போய்விடும். தாழ்வான ஓடைகளில் நிலைமை நேர்மாறு. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நம் காலுக்குச் சுகமாக இருக்கும், ட்ரவுட்டுக்கு மூச்சுத் திணறும். அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டி விடுவித்த மீன்கூடப் பிறகு செத்துப்போகலாம். கழியை மடித்துவிட்டு மேலே குளிர்ந்த ஓடைக்குப் போய்விடுங்கள்.

அப்படி ஓடை மாறும்போதுதான் ஷூவைக் கழுவ வேண்டும் என்பது பலருக்கு நினைவு வருவதில்லை. ட்ரவுட் குஞ்சுகளைச் சுழன்று சுழன்று நீந்தவைத்துக் கொல்லும் ஒட்டுண்ணி நோய் 2015இல் வட கரோலினாவின் வாடோகா ஆற்றில் உறுதியானது. அதன் வித்துகள் ஒரு சிட்டிகைச் சேற்றில் ஒட்டிப் பயணம் செய்யக்கூடியவை. ஓடையை விட்டு ஏறியதும் அங்கேயே பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வீட்டில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் காற்றாட வையுங்கள். நெருப்புக்குப் பக்கத்திலோ மூடிய காரின் சூட்டிலோ வைத்தால் சோலை ஒட்டிய பசை விட்டுவிடும். கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் விட வேண்டும் என்பது நியூசிலாந்தில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. சனிக்கிழமை ஒரு ஓடை, ஞாயிற்றுக்கிழமை வேறு ஓடை என்று போகிறவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது. அவர்கள் ஒரு விலையுயர்ந்த ஜோடியைவிட, நடுத்தர விலையில் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளலாம்.