வெனிஸ் கால்வாயில் ஒரு மாலை: இருவருக்கு மட்டும் கொண்டோலா எடுப்பது எப்படி?

இத்தாலியின் வெனிஸ் நகரக் கால்வாய்களில் ஒற்றைத் துடுப்பால் ஓட்டும் நீளப் படகுதான் கொண்டோலா. அதில் ஏறியவர்களைக் கேட்டால் பதில் இரண்டு விதமாக வரும். சிலர் "உயிர் உள்ளவரை மறக்காது" என்பார்கள். மற்றவர்கள் "காசு போச்சு" என்பார்கள். எனக்கும் என் கணவருக்கும் இரண்டும் நடந்தது.

முதல் தடவை ஜூலை மாதம், மதியம் மூன்று மணிக்கு, சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டிய துறையில் ஏறினோம். முன்னாலும் பின்னாலும் வரிசையாகப் படகுகள், தலைக்கு மேல் வெயில், ஒவ்வொரு பாலத்திலும் எங்களைப் படம் பிடிக்கும் கூட்டம். "என்னங்க, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டேன். அவருக்கும் அதே நினைப்புதான். சில வருடம் கழித்து நவம்பர் முதல் வாரத்தில் மறுபடி போனபோது, சான் தொமா துறையில் பொழுது சாயும் நேரத்துக்கு ஏறினோம். தண்ணீரைத் துடுப்பு தள்ளும் சத்தம் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. ஒரு வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது, அதன் மஞ்சள் நிறம் தண்ணீரில் எங்கள் கூடவே வந்தது. படகு அதே மாதிரிப் படகுதான். மாறியது நேரமும் துறையும். அந்த இரண்டையும் சரியாகப் பிடிப்பது எப்படி என்று முதல் தடவை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கட்டணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கொண்டோலா கட்டணத்தை நகர நிர்வாகம்தான் நிர்ணயிக்கிறது. 2023 நவம்பரிலிருந்து பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, மாலை 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இது தலைக்கு அல்ல, முழுப் படகுக்கு. ஒரு படகில் அதிகபட்சம் 5 பேர் ஏறலாம். நீங்கள் இரண்டே பேர் ஏறினாலும் அதே தொகைதான், படகு முழுக்க உங்களுடையது.

இணையத்தில் தலைக்கு முப்பது, நாற்பது யூரோ என்று விற்கும் சீட்டுகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஏறும் படகுகள். செலவு குறைய வேண்டும் என்றால் அது நல்ல வழிதான். இருவருக்கு மட்டும் என்று ஆசைப்பட்டால் அதை எடுக்காதீர்கள். 'தனிப்படகு' என்று இணையத்தில் விற்பவையும் பல நேரம் நகரக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்கும். நேராகத் துறைக்குப் போய்ப் பேசுவதே நல்லது.

படகோட்டி பாடுவார் என்று படங்களைப் பார்த்து எதிர்பார்க்காதீர்கள். பாட்டும் வாத்தியமும் தனி ஏற்பாடு, தனிக் காசு. என்னைக் கேட்டால், அது இல்லாமல் இருப்பதே மேல்.

2. தேதியையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

இதற்குக் கொஞ்சம் மெனக்கெடுங்கள், மற்றதெல்லாம் தானாக அமையும். நம் ஊரில் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுக்க ஒரு மணி நேரத்துக்குள்தான் மாறும். வெனிஸில் அப்படி இல்லை. ஜூன் கடைசியில் இரவு 9 மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் நாலரை மணிக்கே மறைந்துவிடும். ஏப்ரல் நடுவில் 8 மணி, செப்டம்பர் நடுவில் ஏழரை, நவம்பர் தொடக்கத்தில் 5 மணி வாக்கில்.

இதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. 110 யூரோ என்பது கடிகாரத்தில் 7 மணியைப் பார்த்துக் கேட்கிற கட்டணம், இருட்டைப் பார்த்து அல்ல. ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தி நேரத்துப் பயணம் பகல் கட்டணத்திலேயே கிடைக்கும். குளிரும், ஆனால் கூட்டம் குறைவு. நாங்கள் இரண்டாம் தடவை 90 யூரோதான் கொடுத்தோம்.

எந்த நிமிடத்தில் ஏறுவது? சூரியன் மறையும் நேரத்துக்கே ஏறுங்கள். சின்னக் கால்வாய்களில் இரண்டு பக்கமும் மூன்று நான்கு மாடி வீடுகள் நிற்பதால் சூரியன் மறைவதை எப்படியும் பார்க்க முடியாது. மறைந்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் அழகு. மேலே வானம் நீலமாக இருக்கும், கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். அதற்கும் மேல் தாமதமானால் பல கால்வாய்கள் இருண்டுபோகும், சுவரும் தண்ணீரும் ஒன்றாகத் தெரியும். சூரியன் மறைவதையே பார்க்க வேண்டும் என்றால் இன்னொரு நாள் சாத்தேரே என்ற தெற்குக் கரையில் நடந்துபோய்ப் பாருங்கள், அங்கே வானம் திறந்து கிடக்கும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள். இன்றைய கொண்டோலாவுக்குக் கூரை கிடையாது. மழை வலுத்தால் படகு கிளம்பாது, அடுத்த நாளுக்குத்தான் தள்ளிப்போட வேண்டும்.

3. கடல் ஓதத்தைப் பாருங்கள்

இந்தக் கால்வாய்களில் இருப்பது ஆற்றுத் தண்ணீர் அல்ல. கடற்கழியின் உப்புத் தண்ணீர், நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். ரொம்ப ஏறினால் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் படகு நுழையாது, படகோட்டி வேறு வழியில் சுற்றிப் போவார். ரொம்ப வற்றினால் சுவரின் அடிப்பாசியும் சேறும் வெளியே தெரியும். கோடைக்காலத்தில் வாடையும் அடிக்கும்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமி வாக்கில் குறைவு. நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்பார்கள் எங்கள் வீட்டில். கொண்டோலாவுக்கு அஷ்டமி நல்ல நாள். நகரின் ஓத முன்னறிவிப்பு நிலையம் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று இணையத்தில் போடுகிறது. உங்கள் நேரத்துக்கு அளவு நடுவாந்திரமாக இருந்தால் போதும்.

4. துறையைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் இரண்டு சொற்கள். ஊரின் நடுவில் வளைந்து போகும் 3.8 கிலோமீட்டர் நீளப் பெரிய கால்வாய்தான் கனால் கிராந்தே. மற்ற சின்னக் கால்வாய் பெரும்பாலும் 'ரியோ' எனப்படும். உங்களுக்கு வேண்டியது ரியோ.

கனால் கிராந்தேயில் மோட்டார் படகுகள் ஓயாமல் போகும். அவை கிளப்பும் அலையில் கொண்டோலா குலுங்கும், பேசினால் காதில் விழாது. அதை நிதானமாகப் பார்க்க வப்பரெத்தோ என்ற படகுப் பேருந்து இருக்கிறது. 9.50 யூரோ சீட்டு 75 நிமிடம் செல்லும், 1ஆம் எண் படகில் ஏறினால் முழுக் கால்வாயையும் பார்த்துவிடலாம். கொண்டோலாவின் அரை மணி நேரத்தை அதில் செலவழிக்காதீர்கள்.

சான் மார்க்கோவை ஒட்டிய துறைகளில், அதிலும் பச்சீனோ ஒர்செயோலோவில், கூட்டம் மிக அதிகம். 'பெருமூச்சுப் பாலம்' அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்தி மணியடிக்கும்போது அதன் அடியில் முத்தமிட்டால் காதல் நிலைக்கும் என்ற கதையை நம்பி எல்லோரும் அங்கேயே குவிகிறார்கள். உண்மையில் அது வெனிஸின் பழைய ஆட்சியாளர்களின் அரண்மனையிலிருந்த நீதிமன்றத்தையும் சிறையையும் இணைக்கும் பாலம். கைதிகள் கடைசியாக வெளிச்சத்தைப் பார்த்து விட்ட பெருமூச்சுதான் அந்தப் பெயர் என்பார்கள். அதற்காக உங்கள் மாலையை வரிசையில் கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எனக்குப் பிடித்தது சான் தொமா. துறை கனால் கிராந்தே கரையில் இருந்தாலும் சில நிமிடங்களில் உள்ளே திரும்பிவிடலாம். நாடகாசிரியர் கார்லோ கோல்தோனி 1707இல் பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறது. ரியால்தோ சந்தைக்கு எதிர்க்கரையில் இருக்கும் சாந்தா சோபியாவும் நல்லது. சாந்தா மரியா தெல் ஜீலியோவில் ஏறினால் லா பெனீச்சே இசையரங்கின் பக்கம் போகலாம். 1996இல் அந்த அரங்கு தீப்பிடித்தபோது, தூர்வாருவதற்காகச் சுற்றியிருந்த கால்வாய்களை வற்ற வைத்திருந்ததால் தீயணைப்புப் படகுகளால் நெருங்க முடியவில்லை. 2003இல்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது அதே கால்வாயில் படகு போகும்போது மனசு ஒரு மாதிரி ஆகும்.

5. பகலிலேயே போய்ப் பேசிவிட்டு வாருங்கள்

மதியம் போல் துறைக்குப் போங்கள். படகோட்டிகள் கோடு போட்ட சட்டையில் நிற்பார்கள். "பொன ஜோர்னோ" என்று வணக்கம் சொல்லிவிட்டு நான்கு விஷயங்களைப் பேசி முடிவு செய்யுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்த வழி, மொத்தம் எவ்வளவு. ஆங்கிலம் பேசுவார்கள். வழியைப் பற்றி இத்தாலியத்தில் சொல்ல விரும்பினால் "சோலோ ரீ பிக்கொலி, நியென்தே கனால் கிராந்தே" என்று சொல்லலாம். சின்னக் கால்வாய் மட்டும் போதும், பெரியது வேண்டாம் என்று அர்த்தம். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் அதற்கான தொகையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கிய பிறகு பேரம் பேசினால் அந்த மாலையே கெட்டுவிடும். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

அப்படியே 'த்ரகெத்தோ' ஏறிப் பழகிவிடுங்கள். கனால் கிராந்தேயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இரண்டு பேர் துடுப்புப் போட்டுக் கடத்திவிடும் படகு அது. வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ, இரண்டு மூன்று நிமிடப் பயணம். படகில் ஏறி இறங்கும் பயம் அதிலேயே போய்விடும். மாலையோடு நின்றுவிடும், எனவே பகலிலேயே ஏறுங்கள்.

6. உடுப்பு

குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். துறைப் படிகளில் பாசி படிந்திருக்கும். புடவை கட்டலாம், நான் கட்டினேன். ஏறும்போது கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையைப் படகோட்டியிடம் கொடுத்தால் போதும். தண்ணீர் மேல் காற்று குளிரும் என்பதால் ஒரு சால்வை, கோடையில் கொசு மருந்து. வெனிஸ் கொசு நம் ஊர்க் கொசுவுக்குச் சளைத்ததல்ல.

7. ஏறுவதும் உட்காருவதும்

படகின் நடுப்பகுதியில் காலை வையுங்கள், ஓரத்தில் வைக்காதீர்கள். ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும். எங்கே உட்காருவது என்று படகோட்டி கை காட்டுவார், அதை மீறாதீர்கள். பின்பக்க மெத்தை இருக்கை இருவருக்கானது. படகோட்டி உங்களுக்குப் பின்னால் நிற்பார், அவர் பார்வை உங்கள் தலைக்கு மேலே போகும். கூச்சமே இருக்காது.

படம் எடுக்க வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே கைபேசியைப் படகோட்டியிடம் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து நிற்கக் கூடாது. அப்புறம் அதைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

உட்கார்ந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தோன்றும், பயப்பட வேண்டாம். ஏறக்குறைய 11 மீட்டர் நீளமுள்ள இந்தப் படகின் இடது பக்கம் வலது பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். ஒரே ஆள், ஒரே துடுப்பு, அதுவும் வலது பக்கம் மட்டும். அப்படித் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும். அதைச் சரிக்கட்டத்தான் படகையே கோணலாகக் கட்டுகிறார்கள். 8 வகை மரம், 280 துண்டுகள். துடுப்பைத் தாங்கும் வளைந்த அக்ரூட் (வால்நட்) மரக் கொம்பைத் திரும்பிப் பாருங்கள், பெயர் போர்கோலா. முன்னே போக, பின்னே வர, நிறுத்த, திருப்ப என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது.

8. தண்ணீரில்

முதல் சில நிமிடம் படகோட்டியோடு பேசுங்கள். இதற்கு உரிமம் வாங்கப் பயிற்சியும் தேர்வும் உண்டு. நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டுமே செய்த வேலையில் 2010இல்தான் முதல் பெண்ணாக ஜோர்ஜா பொஸ்கோலோ உரிமம் பெற்றார். அவர் அப்பாவும் படகோட்டி. கேட்டால் தங்கள் குடும்பக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. அப்புறம் "கொஞ்ச நேரம் அமைதியாகப் போகலாமா?" என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

திருப்பம் வரும்போது "ஓயே!" என்று ஒரு குரல் கொடுப்பார். மறுபக்கம் வரும் படகுக்கு எச்சரிக்கை அது. நடுநடுவே சுவரைக் காலால் உதைத்துப் படகைத் திருப்புவார். பாலத்துக்கு அடியில் போகும்போது தண்ணீரின் வெளிச்சம் வளைவின் உட்புறத்தில் அலைவதைப் பார்க்கத் தவறாதீர்கள். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

இறங்கும்போது அவர் கை கொடுக்கும்வரை உட்கார்ந்தே இருங்கள். அன்பளிப்பு கட்டாயம் இல்லை. மனசுக்குப் பிடித்திருந்தால் ஐந்தோ பத்தோ கொடுக்கலாம்.

9. அதற்குப் பிறகு

கன்னாரேஜோ பகுதியில் மிசெரிகோர்தியா கரையோரம் சின்னச் சின்னக் கடைகளில் சிக்கெட்டி கிடைக்கும். ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்துத் தரும் சிற்றுண்டி. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டு வாங்குங்கள், வெள்ளையாக வெண்ணெய் போலத் தெரிவது பெரும்பாலும் மீன்.

பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் சில தேதிகளில் நகரம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. 2024இல் தொடங்கிய இந்தக் கட்டணம் காலை எட்டரை முதல் மாலை 4 வரை இருப்பவர்களுக்குத்தான். மாலைப் பயணத்துக்கு நான்கு மணிக்கு மேல் ஊருக்குள் வந்தால் அது வராது. தங்குவது கழிக்கு அப்பால் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் என்றால் சாந்தா லூசியா நிலையத்திலிருந்து பத்து, பன்னிரண்டு நிமிட ரயில். கடைசி ரயில் எப்போது என்று படகு ஏறும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இறங்கிய பிறகு உங்களுக்குக் கடிகாரம் பார்க்கத் தோன்றாது.