ஊரோட ஒட்டாத பொம்பளைங்கள எழுதறப்ப தவிர்க்க வேண்டிய தப்புங்க

எங்க தாத்தாவோட தங்கச்சிய நாங்க சின்னப்பாட்டின்னு கூப்பிடுவோம். மாயவரம் பக்கத்துல ஒரு கிராமம். கல்யாணம் ஆன ரெண்டாவது வருஷம், 1948-ல, புருஷன் வீட்டுலருந்து தனியா திரும்பி வந்துடுச்சு, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அண்ணன் வீட்டுலயேதான். ஊர்ல அதுக்கு ஒரே பேரு, வாழாவெட்டி. ரெண்டு மாடு வச்சு பால் ஊத்துச்சு, சீட்டு புடிச்சுச்சு. யார் வீட்டுல பிரசவ வலின்னாலும் நடுராத்திரில அதத்தான் வந்து எழுப்புவாங்க, ஆனா அதே வீட்டு வளைகாப்புக்கு கூப்பிட மாட்டாங்க.

அதப் பத்தி நாலு வருஷமா எழுதிட்டு இருக்கேன். மொதல்ல எங்க குடும்ப நினைவா ஆரம்பிச்சேன், அப்புறம் அதுலருந்தே ஒரு சரித்திர நாவலும் தனியா வளந்துச்சு. ரெண்டுலயும் தப்பு பண்ணியிருக்கேன், மத்தவங்க எழுதுனத படிக்கும்போதும் அதே தப்புங்கதான் கண்ணுல படுது. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு அத்தையோ பெரியம்மாவோ இருந்து நீங்களும் எழுத உக்காந்தா இது உதவும்னு தோணுது.

ரொம்ப பெரிய தப்பு, ஒட்டாத எல்லாரையும் புரட்சிக்காரியா ஆக்கிடறது. என் மொத டிராஃப்ட்ல சின்னப்பாட்டி நிமிந்த நடை நேர்கொண்ட பார்வைன்னு போயிட்டு இருந்துச்சு, ஊர்ல கேள்வி கேட்டவங்களுக்கெல்லாம் சுடச்சுட பதில் சொல்லுச்சு. அம்மா படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அத்தை கல்யாண வீட்டுல பந்திக்கு பின்னாடி கொல்லைப்பக்கம் நின்னு அழுவும், அத ஏன் எழுதல?"ன்னு கேட்டாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. அது வெளிய நிக்கணும்னு ஆசைப்பட்டு நிக்கல, உள்ள வரணும்னுதான் கடைசி வரைக்கும் ஆசைப்பட்டுச்சு. நலுங்கு வைக்க ஒரு தடவை கூப்பிட மாட்டாங்களான்னு ஏங்கியிருக்கு. தைரியமும் அந்த ஏக்கமும் ஒரே ஆளுக்குள்ள இருந்துச்சு, நான் தைரியத்த மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த தூக்கிப் போட்டுட்டேன்.

அடுத்தது, அந்தக் காலத்து கட்டு என்னன்னே தெரியாம அவங்க அத உடைச்சதா எழுதறது. இதுல நாவல் எழுதறவங்கதான் ரொம்ப மாட்டுவாங்க. என் நாவல்ல 1948-ல ஒருத்தி கோர்ட்டுக்கு போய் விவாகரத்து கேட்டா. கேட்டிருக்கவே முடியாது, நம்ம மெட்ராஸ் மாகாணத்துல இந்துக்களுக்கு விவாகரத்து குடுத்து, ஆம்பளைங்க ரெண்டாங்கல்யாணம் பண்றதயும் தடுத்த சட்டம் 1949-லதான் வந்துச்சு, நாடு முழுக்க 1955-ல. அதுக்கு முன்னாடி புருஷன் இன்னொருத்திய கட்டிக்கிட்டு வந்தா சட்டம் ஒண்ணும் கேக்காது, பொண்டாட்டிக்கு 1946-லருந்து தனியா இருந்துக்கிட்டு ஜீவனாம்சம் கேக்க வழி இருந்துச்சு, அவ்வளவுதான். சொத்தும் அப்படித்தான். 1937 வரைக்கும் கூட்டுக்குடும்பத்துல விதவைக்கு சோறு துணி உண்டு, பங்கு கிடையாது, 1937-ல பங்கு வந்தப்பவும் அனுபவிக்கலாம், இஷ்டத்துக்கு விக்க முடியாது, முழுசா அவ சொத்தானது 1956-ல. விதவை மறுமணத்துக்கு 1856-லயே சட்டம் இருந்துச்சேன்னு கேப்பீங்க, இருந்துச்சு, ஆனா மறுமணம் பண்ணிக்கிட்டா செத்த புருஷன் சொத்துல இருந்த உரிமை போயிடும்னு அதே சட்டத்துலயே எழுதியிருந்துச்சு. இது தெரிஞ்சா உங்க கேரக்டர் ஏன் திரும்ப கல்யாணம் பண்ணிக்கலங்கறதுக்கு காதல், தியாகம்னு காரணம் தேட வேண்டாம், ரெண்டு மா நிலமே காரணமா இருக்கலாம்.

சட்டம் மட்டும் தெரிஞ்சாலும் பத்தாது, எந்த சாதி எந்த தெருங்கறது வேணும். பிராமண வீட்டுல பத்து வயசு விதவைக்கு தலைய மழிச்சு மூலைல உக்கார வச்ச அதே ஊர்ல, நாலு தெரு தள்ளி வேற சாதியில அறுத்துக் கட்டுறதுன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு, தாலிய அறுத்துட்டு வேற ஒருத்தன கட்டிக்கலாம், ஊரு ஒண்ணும் சொல்லாது. "அந்தக் காலத்து தமிழ்ப் பொண்ணு"ன்னு பொதுவா எழுதுனா இது எல்லாமே அழிஞ்சு போயிடும்.

சின்னச் சின்ன பொருளும் காட்டிக் குடுத்துடும். 1950-ல சின்னப்பாட்டி பால் காசு அம்பது பைசா வாங்குச்சுன்னு எழுதியிருந்தேன். அம்மா, "அப்ப ஏதுடி நயா பைசா, எட்டணா"ன்னாங்க. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல்ல. இத விட மோசம், 1925-ல நடக்கற கதையில ஒருத்தி "என் உடல் என் உரிமை"ன்னு டயலாக் பேசறது. அவ மனசுல அந்த எண்ணம் இருந்திருக்கலாம், வேற வார்த்தையில இருந்திருக்கும். "நான் போமாட்டேன், வெட்டிப் போட்டாலும் போமாட்டேன்"னு சின்னப்பாட்டி சொன்னதா அம்மா சொல்றாங்க. இதுக்கு மேல என்ன டயலாக் வேணும்?

இன்னொரு தப்பு பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். ஒட்டாத பொம்பளைங்க எல்லாரும் ஒரே பக்கம் நிப்பாங்கன்னு நாம நெனச்சுக்கறது. தேவதாசி முறை ஒழிப்ப எடுத்துக்கங்க. முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டையில பசங்க மட்டும் படிச்ச காலேஜ்ல சேந்து, 1912-ல டாக்டர் ஆனவங்க, அவங்க அம்மா சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்துல பொறந்தவங்க. அந்த முறைய ஒழிக்கணும்னு சட்டசபையில 1927-லருந்து போராடுனாங்க. எதிர்ப்பக்கம் பெங்களூர் நாகரத்தினம்மா. பாட்டுக்காரங்க, அவங்களே தேவதாசி. 18-ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர் அரண்மனையில முத்துப்பழனிங்கற தேவதாசி தெலுங்குல எழுதுன காவியத்த ஒரு வரி வெட்டாம 1910-ல பதிப்பிச்சாங்க, சிருங்காரம் ஜாஸ்தின்னு வெள்ளக்காரன் அத தடை பண்ணான். திருவையாறு ஆராதனையில பொம்பளைங்க பாடக்கூடாதுன்னு இருந்த காலத்துல பெண்கள் கட்சின்னு தனியா நடத்துனாங்க, தன் சொந்த சொத்துல தியாகராஜர் சமாதிய கட்டுனாங்க. இந்த அம்மா ஒழிப்ப எதிர்த்து அரசாங்கத்துக்கு மனு குடுத்தாங்க, எங்க கலை, எங்க சொத்துரிமை எல்லாம் போயிடும்னு. மூணாவதா மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், அதே பின்னணியிலருந்து வந்து சுயமரியாதை இயக்கத்துல சேந்து, தான் பாத்த கொடுமைய 1936-ல நாவலாவே எழுதுனவங்க, தேவதாசி முறை ஒழியணும்னு ஊர் ஊரா போய் பேசுனவங்க.

மூணு பேருமே அவங்க காலத்தோட ஒட்டாதவங்கதான். இவங்கள்ல ஒருத்தர நாயகியாக்கி இன்னொருத்தர வில்லியாக்குற கதைய என்னால ஏத்துக்க முடியல. சட்டம் 1947-ல வந்துச்சு, அது வேணும்னுதான் நானும் சொல்வேன். ஆனா நாகரத்தினம்மா எத இழக்கப் போறோம்னு பயந்தாங்களோ அதுல பாதி நடக்கவும் நடந்துச்சு, தேவதாசிங்க ஆடுன ஆட்டம் வேற சாதிக்காரங்க மேடைக்கு போச்சு, ஆடுனவங்க வம்சத்துல பல பேரு தங்களோட பூர்வீகத்த மறைச்சு வாழ வேண்டியதாச்சு. நாவலுக்கு இந்த இடம்தான் உயிர். ரெண்டு பக்கத்து நியாயத்தையும் அவங்கவங்க வாயால சொல்ல வைக்க முடியலன்னா எழுத இன்னும் நாள் ஆகும்னு அர்த்தம்.

வேஷத்த மட்டும் புடிச்சுக்கறதும் தப்புதான். தஞ்சாவூர் பக்கம் பண்ணைக் கூலி ஆளுங்களுக்காக போராடுன மணலூர் மணியம்மைன்னா எல்லாருக்கும் கிராப் தலையும் வேட்டியும்தான் ஞாபகம் வரும். ஆனா அவங்க பிராமண விதவை, விதவைக்கு மொட்டை போடற வழக்கம் இருந்த சமூகம், அங்கேருந்து கிராப்புங்கறது எவ்வளவு தூரம்னு யோசிங்க. தஞ்சாவூர் பண்ணைங்கள்ல கூலி ஆளுங்களுக்கு சங்கம் கட்டுறவங்களுக்கு, வரப்புல ராத்திரி பகலா நடக்கறவங்களுக்கு வேட்டி எவ்வளவு சௌகரியம்னும் யோசிங்க. ராஜம் கிருஷ்ணன் அவங்க வாழ்க்கைய வச்சு "பாதையில் பதிந்த அடிகள்"னு நாவல் எழுதியிருக்காங்க, எழுத வர்றவங்க அத ஒரு தடவை படிக்கணும். மணியம்மை 1953-ல மான் குத்தி இறந்தாங்க. இது கதையா இருந்தா நம்ப மாட்டோம், வேற பெரிய சாவு ஒண்ண நாமளே ஜோடிச்சிருப்போம். ஜோடிக்காதீங்க.

உயிரோட இருக்கறவங்கள மறக்கறது இன்னொண்ணு. என் நினைவுக்குறிப்புல வர்ற ரெண்டு பேரு இன்னும் அதே தெருவுலதான் இருக்காங்க, அவங்க பேர எடுத்துட்டேன், வீட்டு அடையாளத்தையும் மாத்திட்டேன். அவங்கள பழி வாங்க நான் எழுதல.

கடைசியா, தெரியாத எடத்த இட்டுக்கட்டி ரொப்பறது. சின்னப்பாட்டி ஏன் புருஷன் வீட்டுலருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அது சாகுற வரைக்கும் வாய தொறக்கல. நான் என் டிராஃப்ட்ல அவரு அடிச்சாருன்னு எழுதியிருந்தேன், பிரம்பு, ரத்தம், ராத்திரி மழைன்னு ரெண்டு பக்கம். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க, "உனக்கு யாரு சொன்னா?" நாவல்னா கற்பனைக்கு எடம் உண்டு, படிக்கறவங்களுக்கும் அது தெரியும், அதனால அந்த ரெண்டு பக்கத்த நாவல்ல ஒரு வேற பொண்ணுக்கு குடுத்துட்டேன். நினைவுக்குறிப்புல இப்ப இருக்கறது இவ்வளவுதான்: ஒரு மார்கழி மாசம், விடியக்காலம், மாட்டு வண்டி வாசல்ல வந்து நின்னுச்சு. சின்னப்பாட்டி எறங்குச்சு. கையில ஒரு தகரப்பெட்டி இருந்துச்சு. கொள்ளுப்பாட்டி ஒண்ணும் கேக்காம அத வாங்கி உள்ள கொண்டு போய் வச்சுது.