ஊட்டி உறைபனியிலிருந்து காய்கறித் தோட்டத்தைக் காப்பது எப்படி

ஜனவரி வந்தால் ஊட்டிப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் 'பனிப்பொழிவு' என்ற பெயரில் சுற்றும். உண்மையில் அங்கே எதுவும் பொழிவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் செடியும் தம் சூட்டை வானத்துக்கு இழக்கின்றன. இலை 0 டிகிரிக்குக் கீழே போனதும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேலேயே படிகமாகிவிடும். சூடு மேல்நோக்கிப் போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் வேலைகளின் காரணம் தானே விளங்கும்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தள் பக்கம் தாழ்வான நிலம் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டுச் சரிவு பச்சையாக இருப்பது இதனால்தான். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் தகரமோ அடர்ந்த வேலியோ இருந்தால் அது அணைபோலக் குளிரைத் தேக்கும். அடியில் இரண்டடி திறந்து விடுங்கள். உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளியை மேட்டுப் பாத்தியில் போடுங்கள். முட்டைக்கோஸ், கேரட் லேசான உறைபனியைத் தாங்கும். அவை பள்ளத்தில் இருக்கலாம்.

வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவெல்லாம் விடுவதால், செடி கருகும் இரவிலும் அது 3, 4 டிகிரி காட்டும். செடியின் உயரத்தில், திறந்த வானத்தின் கீழ், குச்சியில் கட்டுங்கள். இரவு 10 மணிக்கு 4 டிகிரிக்குக் கீழே இருந்து, நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்து, இலையும் அசையாமல் இருந்தால் விடியலில் உறைபனியை எதிர்பாருங்கள்.

ஆனால் அந்த நேரத்தில் மூடி அதிகப் பயனில்லை. பாதிச் சூடு போயிருக்கும். வானம் தெளிந்த நாளில் மாலை 4 மணிக்கே மூட வேண்டும். பழைய பருத்திப் புடவை, சணல் சாக்கு போதும். இலைக்கு ஓரடி மேலே நிற்கும்படி குச்சி நட்டு, துணியின் ஓரம் நான்கு பக்கமும் தரையைத் தொடும்படி விரியுங்கள். காக்கப் போவது மண்ணிலிருந்து எழும் சூடு. செடியின் தலையில் மட்டும் பொட்டலம் கட்டினால் அந்தச் சூடு வெளியே போய்விடும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். மூடிய துணியைக் காலை 8, 9 மணிக்குள் கட்டாயம் எடுத்துவிடுங்கள். மண் மறுபடி சூடேற வெயில் விழ வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் என்னும் ஒருவகைச் செடிகளால் மூடுவதும் இதே கணக்கில்தான்.

பலர் தவறுவது மண்மேல் பரப்பும் மூடாக்கில். வெயில் காலத்தில் நல்லது செய்யும் காய்ந்த புல், குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை அடியிலேயே பூட்டிவைத்து, மேலே நிற்கும் செடியைப் பட்டினி போடுகிறது. டிசம்பரில் வரிசைகளுக்கு நடுவே அதை ஒதுக்கிவிடுங்கள். மண் காய்ந்து கிடந்தால் முற்பகலிலேயே நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் சூட்டை அதிகம் வாங்கி வைக்கும்.

இலைமேல் நீர் தெளித்துக் காக்கத் தெளிப்பான் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெளிவிடும், அதுதான் இலையைக் காக்கிறது. அதே ஒரு கிராம் ஆவியாகும்போது ஏறக்குறைய 600 கலோரியை இழுத்துக்கொள்ளும். ஆகவே நடுவில் நிறுத்தினால் ஆவியாவது மட்டும் தொடரும், தெளிக்காமலே விட்டிருந்ததைவிட மோசம். 1 டிகிரியில் தொடங்கி, காலையில் பனிக்கட்டி உருகி வடியும்வரை ஓட வேண்டும். மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்றால் ஒரு சென்ட்டுக்கு 100 லிட்டர். ஏழு மணி நேரத்துக்கு 700 லிட்டர். அவ்வளவு தொட்டியில் இல்லையென்றால் துணியே மேல். சருகைக் கொளுத்திப் புகை போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தரையின் சூடு புகையை ஊடுருவிப் போய்விடும்.

யூரியாவை நவம்பரோடு நிறுத்துங்கள். அது தரும் இளங்கொழுந்துதான் முதலில் கருகும். தேயிலையில் பள்ளத்துப் பகுதிக்குக் குளிர் முடியும்வரை கவாத்து (கிளை வெட்டுவது) வேண்டாம். நிழல் மரத்தையும் வெட்டாதீர்கள், அதன் கிளைதான் செடிக்கும் வானத்துக்கும் நடுவே நிற்கிறது.

உறைபனி படிந்த புல்லில் நடக்கவே கூடாது. உறைந்த இலை நொறுங்கி, கால் தடம் கறுப்பாக வாரக்கணக்கில் நிற்கும்.

கருகிய செடியை அன்றே வெட்ட வேண்டாம். எதுவரை பட்டது என்பது புதுத் தளிர் வந்தால்தான் தெரியும். அதுவரை காய்ந்த இலை உள்தளிருக்கு மூடியாக இருக்கட்டும். உருளையில் மேல்செடி முழுதும் கறுத்தாலும் பிடுங்காதீர்கள். மண்ணுக்குள் அந்தக் குளிர் எட்டுவதில்லை, அடித்தண்டிலிருந்து பல செடிகள் மறுபடி துளிர்க்கும்.