நரம்பு முனையில் பைகள் திரும்பி வருவது எப்படி? வரைந்தே கற்றுக்கொள்ளுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் பலர் இந்தப் பாடத்தில் திணறுவதற்குக் காரணம், புரதப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதுதான். முதலில் அதை விடுங்கள். ஒரு ஏ4 தாள், பென்சில், சிவப்புப் பேனா போதும்.

நரம்பு முனையைத் தாளில் பாதி அளவுக்குப் பெரிதாக வரைந்து, உள்ளே சின்ன வட்டங்கள் போடுங்கள். அவைதான் நரம்பியக்கடத்தி (அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்) நிரம்பிய பைகள். நிஜத்தில் ஒவ்வொன்றும் சுமார் 40 நானோமீட்டர் குறுக்களவு. துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாயும், சினாப்டோடாக்மின் என்ற புரதம் அதை உணரும், ஸ்னேர் புரதங்கள் பையைச் சவ்வோடு இணைத்துவிடும். சரக்கு வெளியே போயாச்சு.

இப்போது சிவப்புப் பேனா. டைனமின், ஆம்பிஃபைசின், சினாப்டோஜானின் என்று மூன்று புரதங்களைப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். அதுதான் பாஸ்பேட். ஓய்வில் இருக்கும்போது அது இவற்றின் மேல் ஒட்டியிருக்கும். பையைத் திறந்த அதே கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியையும் எழுப்பிவிடும். அது பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் இந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, விட்ட சவ்வைத் திரும்ப இழுக்கும். வெளியே அனுப்புவதும் திரும்ப அழைப்பதும் ஒரே கால்சியம்தான், இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வரையுங்கள்.

அடுத்து, உள்ளே குழிகிற சவ்வின் மேல் கிளாத்ரின் என்ற புரதத்தின் வலை, அதன் கழுத்தில் வளையமாக டைனமின். ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துக் கழுத்தை வெட்டுவது இதுதான். ஷிபிரே என்ற பழ ஈ வகையில் டைனமின் வெப்பம் தாங்காது. சுமார் 29 டிகிரிக்கு மேல் போனால் பைகள் திரும்பாமல் ஈ அசைவற்றுக் கிடக்கும், குளிர்ந்ததும் எழுந்து நடக்கும். மே மாத வேலூரில் அந்த ஈயை அறைக்கு வெளியே வைத்தாலே போதும்!

அப்புறம் சினாப்டோஜானின், ஆக்ஸிலின், ஹெச்எஸ்சி70 என்ற மூன்று புரதங்களும் சேர்ந்து கிளாத்ரினை உரித்துவிடும். பையின் சவ்வில் உள்ள புரோட்டான் பம்பு உள்ளே அமிலமாக்கும், அந்த விசையில் நரம்பியக்கடத்தி மறுபடி நிரம்பும். கிளாத்ரின் வழி மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள். 50 முதல் 100 மில்லி விநாடிக்குள் சவ்வு உள்ளே போகிற வழியும் உண்டு, 2013-ல் சுண்டெலி நரம்பணுக்களில் அதைக் காட்டினார்கள்.

கடைசியாக சிடிகே5 (பாஸ்பேட்டைத் திரும்ப ஒட்டும் நொதி) என்று எழுதி, அங்கிருந்து டைனமினுக்கு அம்பு போட்டு, சிவப்புப் புள்ளியைத் திரும்ப வையுங்கள். சரி, இப்போது கால்சிநியூரினை விரலால் மறைத்துவிட்டு, எந்தக் கட்டத்தில் எல்லாம் நிற்கும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.