வெளிநாட்டுப் பிள்ளையோடு ஒரு செமஸ்டர்: நம் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விடுகிற பிழைகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் கம்பஸ் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு செமஸ்டர் மட்டும் படிக்கவோ ஆய்வு செய்யவோ வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளும் இடைக்கிடை அங்கே வந்து சேருவார்கள். வந்த கிழமையே நம் பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக்கொள்வார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் வருகிற ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டம் விட்ட அதே பிழைகளை விடுகிறது. அவற்றில் பாதி, எங்கள் காலத்தில் நாங்களே விட்டவை.

கோயிலில் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும், உறைப்பைக் குறைக்க வேண்டும், வலது கையால் சாப்பிடக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வருகிறவர்கள் அதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். சிலபேர் நம்மைவிடக் கவனமாக நடக்கிறார்கள்.

கடைசிவரை விருந்தாளியாகவே வைத்திருப்பது

முதல் கிழமை உபசரிப்பு சரி. இரண்டாம் மாதமும் வந்த பிள்ளையைக் கதிரையில் இருத்தி, நாலு பேர் சுற்றி நின்று பரிமாறினால் அது சிநேகிதம் இல்லை, மரியாதை மட்டும்தான். ஜப்பானில் இருந்து வந்த பிள்ளை ஒன்று எங்கள் வீட்டில் வாய் திறக்கவே பயந்துகொண்டு இருந்தது. ஒரு நாள் எனக்குக் கை உளைவு. இடியப்ப உரலை அவளிடம் கொடுத்து, பிழியச் சொன்னேன். முதல் தட்டில் மா ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் ஓட்டை. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவது தட்டுக்கு உரலை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மூச்சை அடக்கி, வட்டமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். அதைத் தனியாக அவித்து அவள் கோப்பையிலேயே போட்டோம். அடுத்த நாளில் இருந்து கூப்பிடாமலே குசினிக்குள் வந்தாள்.

கொத்துக் கடைக்குப் போனால் அவர்கள் பங்கை அவர்கள் கொடுக்கட்டும். எப்போதும் நாமே கொடுத்தால், கொஞ்ச நாளில் உங்களோடு வெளியே வரவே கூச்சப்படுவார்கள்.

இங்கிலிஷ் பழக ஆள் கிடைத்தது என்று நினைப்பது

ஜெர்மன்காரிக்கும் அது இரண்டாம் மொழிதான். விடுங்கள்.

எல்லாவற்றையும் 'போகேக்க பார்ப்பம்' என்று தள்ளிவைப்பது

இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். மற்றப் பிழைகளை மன்னிக்கலாம். இது காசையும் தின்னும், நாளையும் தின்னும், திருத்தவும் முடியாது.

நடப்பது இப்படி. பிள்ளை ஆவணிக் கடைசியில் வருகிறாள், மார்கழி நடுவில் போவாள். வந்த முதல் கிழமையே புறாமலைத் தீவுக்குப் போக வேண்டும் என்கிறாள். நம்மவர்கள் சொல்வது: "இப்ப என்ன அவசரம்? போகேக்க எல்லாரும் சேர்ந்து வடிவாப் போவம்." இந்த 'வடிவாப் போவம்' காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

திருகோணமலையில் பிறந்த பிள்ளைக்குக் கடலின் நாட்காட்டியை நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? சித்திரை தொட்டுப் புரட்டாதி வரை நம் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசியில் குழம்பத் தொடங்கும். வாடைக்காற்று விழுந்தால் பிறகு தை கடந்துதான் பேச்சு. நிலாவெளிக் கரையில் இருந்து புறாமலை ஒரு கிலோமீற்றர் அளவு தூரம்தான், கண்ணுக்கு முன்னால் தெரியும். ஆனால் மார்கழியில் அந்த ஒரு கிலோமீற்றரைக் கடக்க முடியாது. ஒருவேளை கடந்தாலும் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். பவளப்பாறையும் தெரியாது, மீனும் தெரியாது. வெளிநாட்டவருக்கு அங்கே நுழைவுச் சீட்டு நம்முடையதைப் போல எத்தனையோ மடங்கு. அந்தக் காசைக் கொடுத்துக் கலங்கல் தண்ணீர் பார்க்க வேண்டுமா?

இது தெரிந்தும் ஒரு கூட்டம் கடைசிக் கிழமையில் படகுக்கு முற்பணம் கட்டியது. விடியற்காலையில் எழும்பிச் சோற்றுப் பார்சல் கட்டி, ஆளுக்கொரு துவாயோடு நிலாவெளிக்குப் போனார்கள். படகுக்காரர் கடலைக் காட்டிக் கையை விரித்துவிட்டார். முற்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இன்னொரு படகுக்காரர் கூடுதலாகக் காசு தந்தால் கொண்டுபோகிறேன் என்றாராம். அதற்கும் இரண்டு பொடியன்கள் தயாராக நின்றிருக்கிறார்கள். நல்லவேளை, ஒரு பெட்டை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அந்த வெளிநாட்டுப் பிள்ளை மழைக்குள் ஓட்டோவில் இருந்து சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அவளாகக் கேட்ட ஒரே இடம் அது.

அதோடு முடிந்ததா? அன்றைக்குப் பின்னேரம் மண்டபம் எடுத்துப் பிரியாவிடை. கேக், ஒலிபெருக்கி, பொன்னாடை, பேச்சு. ஒவ்வொருத்தரும் எழும்பி "இவர் எங்கள் சகோதரி போன்றவர்" என்று பத்து நிமிடம் பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பாள். மறுநாள் காலைக்குள் அவள் தன் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மண்டபத்தின் பின்சுவரில் ஒரே ஒரு பிளக்தான் வேலை செய்தது. கழுத்தில் மாலையோடு, மடியில் மடிக்கணினியோடு, கதிரையை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு தட்டெழுதினாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிறபோதெல்லாம் எழும்பிப் போய்ப் படத்துக்குச் சிரித்துவிட்டு வந்தாள். கேக்கை எறும்பு மொய்த்தது.

கடைசிக் கிழமை போகிறவரின் கையில் இருப்பதில்லை. சோதனை, அறிக்கை, விசா முடிகிற திகதி, கம்பஸில் எடுக்க வேண்டிய கடிதங்கள், அறையை ஒப்படைப்பது, சூட்கேஸ் என்று எல்லாம் அங்கேதான் வந்து குவியும். திணைக்களம், வீட்டுக்காரர், வகுப்புப் பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பதும் அதே இரண்டு பின்னேரங்களைத்தான். போதாததற்கு, போக இருப்பவரின் மனம் உடம்புக்கு முன்பே புறப்பட்டுவிடும். அந்த நேரத்தில் எதைக் காட்டினாலும் பாதிதான் பார்ப்பார்கள்.

அப்படியென்றால் எப்போது என்ன செய்வது? கடல் சம்பந்தமானது எல்லாம் முதல் மாதத்திலேயே முடிய வேண்டும். ஆள் சேரவில்லை, காசு சேரவில்லை என்று பார்க்காதீர்கள். மூன்று பேர் போனாலும் போதும். புரட்டாதியில் நவராத்திரி, ஐப்பசியில் தீபாவளி. இவற்றுக்கு வீட்டில் இருப்பவர்களே போதும், தனி ஏற்பாடு வேண்டாம். கார்த்திகை விளக்கீட்டன்று மழைக்குள் சிட்டி விளக்கு அணையாமல் காக்கிற வேலையை அவளிடம் கொடுங்கள், இரவு முழுக்கச் சந்தோஷமாக ஓடித்திரிவாள். மார்கழிக்கென்றே உரியவையும் நம்மூரில் உண்டு. திருவெம்பாவைக் காலத்துக் கோணேசர் கோயில் விடியற்காலை ஒன்று. மழை தூறுகிறபோது கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் அள்ளிக் குளிப்பது இன்னொன்று. ஏழு கிணறும் ஏழு விதமான சூடு. எந்தக் கிணறு கூடச் சூடு என்று சண்டை பிடிக்கவே அரை மணி நேரம் போகும். மேலே சொன்ன பிள்ளை போகிற அன்று காலை என்னிடம் கேட்டாள், கன்னியா எங்கே இருக்கிறது என்று. இங்கிருந்து ஓட்டோவில் கொஞ்ச நேர ஓட்டம். ஒரு செமஸ்டர் முழுக்க ஒருத்தரும் கூட்டிப்போகவில்லை.

கோணேசர் கோயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நாளில் கூட்டிப்போய் எல்லாக் கதையையும் கொட்டித் தீர்க்காதீர்கள். சும்மா ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரெட்றிக் கோட்டை வாசலால் நடந்து, மான்களைத் தாண்டி மேலே போங்கள். அன்றைக்குச் சம்பந்தர் இந்த மலைக்குப் பதிகம் பாடியதை மட்டும் சொல்லுங்கள். அடுத்த முறை, 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததையும், அந்தக் கல் கோட்டை கட்டப் போனதையும் சொல்லலாம். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சிநேகிதர் மைக் வில்சனும் 1956இல் கடலுக்கடியில் அந்தப் பழைய கோயிலின் கற்களைக் கண்ட கதையை இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். கீழே கடல் தெரியும், விளக்கம் தேவைப்படாது. நாலைந்து தரம் போனால் அது அவளுக்குத் தெரிந்த இடமாகிவிடும். ஒரு தரம் போனால் படம் மட்டும்தான் மிஞ்சும்.

பிரியாவிடை கட்டாயம் வைக்க வேண்டுமென்றால் புறப்பட இரண்டு கிழமைக்கு முன்பே வைத்துவிடுங்கள். கடைசி இரவு வீட்டு ஆட்களோடு பிட்டும் மீன் குழம்பும் போதும்.

தம்பிமாருக்கு

அவள் எல்லாரையும் பார்த்து அப்படித்தான் சிரிக்கிறாள்.

சூட்கேஸை நினைக்காமல் பரிசு கொடுப்பது

பெரும்பாலான விமானச் சீட்டில் 23 அல்லது 30 கிலோதான். நாம் கொடுப்பதோ பனையோலைப் பெட்டி, சேலை, மிளகாய்த்தூள், ஊறுகாய்ப் போத்தல், பிறகு கோயில் படம் ஒன்று, சட்டமும் கண்ணாடியும் போட்டு. புறப்படுகிற அன்று எங்கள் விறாந்தையில் தூக்குத் தராசைக் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பதே ஒரு சடங்காகிவிட்டது. வெளியே வைக்கிறபோது கொடுத்தவர் பக்கத்தில் நின்றால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

திரவமும் ஊறுகாய் போன்றவையும் 100 மில்லிலீற்றருக்கு மேல் என்றால் கைப்பையில் போகாது. ஐரோப்பாவுக்குப் போகிறவரிடம் நெய்ப் போத்தல் கொடுக்க வேண்டாம், பால் பொருளையும் இறைச்சியையும் அங்கே உள்ளே விடமாட்டார்கள். ஜப்பானுக்கு மாம்பழம் கட்டிக் கொடுத்தால் விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். அம்மம்மாவின் பித்தளை விளக்கைத் தூக்கிக் கொடுக்கிற பாசக்காரர்களும் இருக்கிறார்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கப்போவது அவள்தான், நீங்கள் இல்லை. கடற்கரையில் பொறுக்கிய பவளத்துண்டும் அப்படித்தான். அழகாக இருக்கிறது என்று பொலித்தீனில் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஒரு சின்னச் சரை வறுத்த கறித்தூள், இறுக்கிக் கட்டினது. ஒரு படம், சட்டம் இல்லாமல். தாராளம்.

வான் நிறைய ஆட்களோடு விமான நிலையம் போவது

நம் வழக்கம் விளங்குகிறது. பெரியப்பா கனடா போனபோது முழுக் குடும்பமும் போனோம். ஆனால் இங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு ஐந்தாறு மணி நேரம். தம்புள்ளை தாண்டுவதற்குள் ஒருவர் சத்தி எடுப்பார், குருநாகலில் எல்லாருக்கும் பசிக்கும். விமானத்தைப் பிடிக்க வேண்டியவளோ வாய்விட்டுச் சொல்லாமல் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். வான் காசைப் பங்கு போடுகிற சண்டை அடுத்த செமஸ்டரிலும் நடக்கும்.

இரவு ரயில் இருக்கிறது. விடியக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறக்கிவிடும். கூட ஒருவரோ இருவரோ போனால் போதும். மற்றவர்கள் திருகோணமலை ரயில் நிலையத்திலேயே கட்டிப்பிடித்து அழலாம், மேடையில் இடம் இருக்கிறது. ரயிலில் இடத்தை மட்டும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

'எனக்கு ஸ்பொன்சர் பண்ணுவீங்களா?'

கேட்காதீர்கள். விளையாட்டுக்கும் கேட்காதீர்கள்.

கணக்கை முடிக்காமல் அனுப்புவது

அறை முற்பணம், இரவல் சைக்கிள், கடைக் கடன் கொப்பி, நூலகப் புத்தகம். இவற்றைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். பிறகு கடைக்காரர் மாதக்கணக்காக நம்மைப் பார்த்துக் கேட்பார். ஒரு கிழமைக்கு முன்பே அவளோடு இருந்து ஒரு தாளில் எழுதி முடியுங்கள். அவளுக்கும் அது நிம்மதி.

போன பிறகு துரத்துவது

அவள் விமானத்தில் இருக்கும்போதே "பாதுகாப்பாப் போய்ச் சேர்ந்தாச்சா" என்று முப்பது பேர் அனுப்புவார்கள். அடுத்த நாளில் இருந்து காலை வணக்கப் பூப்படங்கள். இரண்டு நாள் பதில் வராவிட்டால் "எங்களை மறந்திட்டா" என்று கதை. அவள் பெயரில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் கடைசியில் நம்மவர்களே ஒருவருக்கொருவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

ஒரு கிழமை விடுங்கள். பிறகு ஒருவர் எழுதுங்கள், எல்லாருமாக வேண்டாம். பொது விசாரிப்பு வேண்டாம், அவளுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள்: மேல்மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பூனை குட்டி போட்டிருக்கிறது. அதற்குத்தான் பதில் வரும். நேரத்தையும் பாருங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி. நீங்கள் இரவு பத்து மணிக்கு எடுத்தால் அங்கே ஒன்றரை மணி, வீடு முழுக்க எழும்பிவிடும். ஜெர்மனி மாரிகாலத்தில் நாலரை மணி நேரம் பிந்தி. நம் காலை எட்டு மணி அங்கே நடுச்சாமம் கடந்த நேரம். பதில் வரப் பிந்தினால் கோபிக்க வேண்டாம், அங்கேயும் அவளுக்குச் சோதனை இருக்கிறது.