ஆரத் திசைவேகத்தைக் கொண்டு புறக்கோளைக் கண்டறியும் முறை

சூரியன் அல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளே புறக்கோள். ஒரு விண்மீனும் அதன் கோளும் தம் பொது நிறைமையத்தைச் சுற்றிவருவதால், கோள் தொலைநோக்கிக்குப் புலப்படாவிட்டாலும் விண்மீன் நம்மை நோக்கி நெருங்குவதும் பின் விலகுவதுமாக இருக்கும். பார்வைக் கோட்டின் திசையில் அமையும் இந்த வேகமே ஆரத் திசைவேகம் எனப்படுகிறது. பிரான்சின் ஓத்-ப்ரொவான்ஸ் வானாய்வகத்தில் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பதிவுசெய்யும் எலோடி நிறமாலைமானியைப் பயன்படுத்தி மிஷேல் மேயரும் திதியே கேலோசும் 1995இல் அறிவித்த 51 பெகாசி பி என்னும் கோள், இம்முறையைக் கற்பதற்கு இன்றும் மிகப் பொருத்தமானது. அதன் சமிக்ஞை அவ்வளவு வலுவானது.

முதலில் விண்மீனின் நிறமாலையைப் பல இரவுகளில் பதிவுசெய்ய வேண்டும். 51 பெகாசியின் வேகம் விநாடிக்குச் சுமார் 56 மீட்டர் கூடிக் குறைகிறது. ஒளிமூலம் நெருங்கினால் அலைநீளம் குறைந்தும் விலகினால் கூடியும் தெரியும் என்னும் டாப்ளர் விளைவின்படி, 5000 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு) அலைநீளத்தில் இது 0.001 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான இடப்பெயர்ச்சியே. தனியொரு கோட்டை வைத்து இதை அளக்க இயலாது என்பதால், ஆயிரக்கணக்கான உட்கவர் கோடுகளை (விண்மீனின் வளிமண்டலம் ஒளியை உறிஞ்சுவதால் நிறமாலையில் தோன்றும் இருண்ட கோடுகளை) ஒரு மாதிரி நிறமாலையுடன் ஒருங்கே ஒப்பிட்டுச் சராசரி இடப்பெயர்ச்சியைக் கணிக்கிறார்கள். கருவியே நகர்ந்துவிடக்கூடும் என்பதால், அலைநீளங்கள் துல்லியமாகத் தெரிந்த தோரியம்-ஆர்கான் விளக்கின் ஒளியையும் உடன் பதிவுசெய்வது அவசியம். இக்கண்டுபிடிப்பை விரைவிலேயே உறுதிசெய்த லிக் வானாய்வகக் குழுவினர், அதற்குப் பதிலாக அயோடின் ஆவி நிரப்பிய கலத்தை ஒளியின் பாதையில் வைத்தனர்.

அடுத்து, நம்முடைய அசைவை நீக்க வேண்டும். புவி சூரியனை விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. தேடும் சமிக்ஞையைப்போல் இது ஐந்நூறு மடங்கு. ஆகவே ஒவ்வோர் அளவீட்டையும் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒளிப்பதிவின் நடுநேரத்தை ஒரு நிமிடம் தவறாகக் குறித்தாலும், புவியின் தற்சுழற்சி காரணமாக விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பிழை நேரலாம்.

திருத்திய வேகங்களில் எந்தச் சுழற்சிக்காலம் (ஏற்ற இறக்கம் மீண்டும் நிகழும் கால அளவு) மேலோங்கி நிற்கிறது என்பதை, சீரற்ற இடைவெளிகளில் எடுத்த அளவீடுகளுக்கும் பொருந்தும் லோம்ப்-ஸ்கார்கல் அலைவுவரைபடம் காட்டும். 51 பெகாசிக்கு 4.23 நாள் கிடைக்கிறது. ஆனால் இரவில் மட்டுமே அளப்பதால் 1.31 நாளிலும் ஒரு போலிச் சிகரம் தோன்றக்கூடும். ஒரே இரவில் பல முறை அளப்பது இக்குழப்பத்தைப் பெரிதும் குறைக்கும்.

கோள் என்று முடிவுகட்டும் முன்னர் விண்மீனையே ஐயுற வேண்டும். என் கருத்தில் அதிக உழைப்பைக் கோரும் படி இதுவே. விண்மீனின் மேற்பரப்பில் உள்ள கரும்புள்ளிகள் அதனுடன் சுழலும்போது கோடுகளின் வடிவம் திரிந்து, கோளைப் போன்ற சமிக்ஞையை உண்டாக்கும். எச்டி 166435 என்னும் விண்மீனில் இவ்வாறே நிகழ்ந்தது. கோள் கோடுகளை நகர்த்துமே தவிர, அவற்றின் வடிவத்தை மாற்றாது. எனவே கோட்டின் சமச்சீர்மை அதே சுழற்சிக்காலத்தில் மாறுகிறதா என்று தவறாமல் சோதிக்க வேண்டும். அளக்கும் நாள்களின் இடைவெளியும் ஏமாற்றும்: 2012இல் ஆல்ஃபா சென்டாரி பி விண்மீனுக்கு அறிவிக்கப்பட்ட 3.24 நாள் கோள், அத்தகைய தோற்றமே என்று 2015இல் காட்டப்பட்டது.

இச்சோதனைகளைக் கடந்த சமிக்ஞையிலிருந்து நிறையைக் கணக்கிடலாம். வியாழனின் நிறையுள்ள கோள், சூரியனை ஒத்த விண்மீனை ஓராண்டில் சுற்றினால், விண்மீனின் வேகத்தில் விநாடிக்கு 28.4 மீட்டர் வீச்சு (சராசரியிலிருந்து கூடிக் குறையும் அளவு) உண்டாகும். கோள் விண்மீனைச் சுற்றும் காலம் குறையக் குறைய, அதன் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் வீச்சு கூடும். 51 பெகாசியின் நிறையைச் சூரியனைப்போல் 1.1 மடங்கு எனக் கொண்டால், கோளின் நிறை வியாழனைப்போல் ஏறத்தாழ 0.47 மடங்கு என வருகிறது. நம் பார்வைக் கோட்டைப் பொறுத்துச் சுற்றுப்பாதையின் சாய்வு தெரியாதவரை இது குறைந்தபட்ச நிறை மட்டுமே. கோள் விண்மீனின் முன் கடப்பதும் காணப்பட்டால் உண்மை நிறையை நெருங்கிக் கூற முடியும்.