நம்ம கண்மாயில் தொடங்கி நாடு முழுக்க: மழையையும் பயிரையும் கவனிப்பது எப்படி?

சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு கார்த்திகை மாதம் ஊருக்குப் போன் பண்ணினேன். காரைக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மானாவாரிக் கண்மாய்ப் பாசனம். "மாவட்டத்துல மழை இயல்புன்னு போட்டிருக்கேப்பா" என்றேன். "இருக்கும்ப்பா. நம்ம கண்மாயில மாடு மேயுது" என்றார் அப்பா.

இரண்டுமே உண்மைதான். வானிலைக் கணக்கில் சராசரியைவிட 19 சதவீதம் குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி, அதற்குப் பெயர் 'இயல்பு'. மாவட்டத்தின் ஒரு மூலையில் கொட்டிய மழை இன்னொரு மூலையின் வறட்சியை அந்தக் கணக்கில் மறைத்துவிடும். அதனால் பருவத்தைக் கவனிக்கப் பழகுகிறவர்கள் நாட்டு வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம். சொந்த ஊர் மழையை அளப்பதுதான் முதல் வேலை.

படி 1: மழையை அளங்கள்

பக்கம் நேராக இருக்கும் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். மேல்பகுதியை வெட்டி, அதையே புனல்போலக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டிவிட்டால், ஏறும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழை.

எங்கே வைப்பது? நம் வீடுகளில் முற்றத்தில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள்தான் விழும், பாட்டில் பொய் சொல்லிவிடும். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி, வெட்டவெளியில் கம்பு நட்டுக் கட்டுங்கள். களத்துமேடு நல்ல இடம்.

தினமும் காலை 8.30-க்கு அளந்து, அன்றைய தேதியில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். மறுபடி பூஜ்யக் கோடு வரை தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம். வானிலை ஆய்வு மையமும் அதே நேரத்தில்தான் அளக்கிறது. நேற்று ராத்திரி பெய்தது இன்றைய தேதியில்தான் வரும், குழம்ப வேண்டாம். செய்தியில் செ.மீ. என்று சொன்னால் பத்தால் பெருக்குங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் 'கனமழை', 115.6 தொட்டால் 'மிகக் கனமழை'.

ஒரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை என்றால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அதே 25 மி.மீ. பத்து நாளில் துளித்துளியாக விழுந்தால் பயிருக்குத்தான் போகும், கண்மாய்க்கு ஒன்றும் வராது. ஒரே ராத்திரியில் விழுந்தால்தான் வரத்துக்கால்வாயில் தண்ணீர் ஓடும். இதனால்தான் மொத்த மழையைவிட, எந்த நாளில் எவ்வளவு என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

படி 2: மழைக்குப் பக்கத்திலேயே பயிரின் வயதை எழுதுங்கள்

நம் பக்கம் நெல்லுக்கு ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணில் விதைப்பது), தை மாசியில் அறுவடை. நோட்டில் மழைக்கு ஒரு கட்டம், பயிருக்கு ஒரு கட்டம்: முளைப்பு, தூர் கட்டுதல், கதிர் வெளிவருதல், பூ, பால் பிடித்தல், முற்றுதல். தூர் கட்டும்போது பத்து நாள் மழை நின்றால் பயிர் வாடும், அடுத்த மழையில் தேறிக்கொள்ளும். பூக்கும்போது அதே பத்து நாள் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். கதிர் முற்றிய பிறகு பெய்தால் சாய்ந்து முளைத்துவிடும். கண்மாயில் தண்ணீர் எத்தனை மடைக்கல் வரை நிற்கிறது, கலிங்கு (நிரம்பிய தண்ணீர் வழியும் இடம்) பாய்ந்ததா என்பதையும் வாரம் ஒருமுறை எழுதுங்கள்.

படி 3: மேலிருந்து பாருங்கள்

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை நம் வயலைப் படம் எடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊரைத் தேடி, மேகம் குறைவான தேதியைத் தேர்ந்தெடுத்து, என்டிவிஐ என்ற அடுக்கை அழுத்துங்கள். இலை சிவப்பு ஒளியை விழுங்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணாக்கியதுதான் என்டிவிஐ. வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 என்று வரும். செழித்த நெல்லுக்கு 0.6-க்கு மேல் போகும். தண்ணீருக்குப் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எங்கள் கண்மாய்ப் பகுதி பச்சைப்பசேல் என்று தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அத்தனையும் சீமைக்கருவேலம்! வறட்சியிலும் பச்சையாக நிற்கும் மரம் அது. அதனால் உங்கள் வயலின் நான்கு மூலையையும் நேரில் போய்க் குறித்துக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள் மட்டும் பாருங்கள். போன வாரத்தோடு ஒப்பிட வேண்டாம், போன வருடம் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஐப்பசியில் மேகம் மறைத்துவிடும். அப்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கொண்ட சென்டினல்-1 படத்தில், தண்ணீர் நிற்கும் கண்மாய் கறுப்பாகத் தெரியும்.

படி 4: முன்னறிவிப்பு

மேகதூத் செயலியில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் ஆலோசனை வருகிறது. தமிழிலும் படிக்கலாம். உரம் போடுவதற்கும் மருந்து அடிப்பதற்கும் முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். அடுத்த ஐந்து நாள் வரை நம்பித் திட்டமிடலாம். அதற்கு மேல் போகும் எதையும் நான் வயல் வேலைக்கு எடுப்பதில்லை.

படி 5: இனி நாடு

வானிலைத் துறை நாட்டை 36 உட்பிரிவுகளாகப் பிரித்து மழைக்கணக்கு போடுகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மொத்தமும் அதில் ஒரே கட்டம். செட்டிநாடு அதற்குள் எங்கே தெரியப்போகிறது? மற்ற வட்டாரங்களையும் இதே எச்சரிக்கையோடு படியுங்கள்.

2023 தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கச் சராசரியில் 94 சதவீதம். கேட்க மோசமில்லை. ஆனால் அந்த ஆகஸ்ட், 1901-லிருந்து உள்ள பதிவுகளிலேயே மிக வறண்ட ஆகஸ்ட். அந்த ஜூலை 20-ஆம் தேதியே பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்துவிட்டது. 2022-இல் மழை கூடப் பிரச்சினை இல்லை. மார்ச் வெயிலில் வடக்கே கோதுமை மணி சுருங்கியது, மே 13-இல் கோதுமை ஏற்றுமதி நின்றது.

எல்லா வட்டாரத்தையும் பார்க்க நேரம் இருக்காது. உங்கள் அடுக்களையிலிருந்தே தேர்ந்தெடுங்கள். துவரைக்குக் கர்நாடகத்தின் கலபுரகியும் மகாராஷ்டிரத்தின் மராத்வாடாவும். வெங்காயத்துக்கு நாசிக். நிலக்கடலைக்குக் குஜராத்தின் சௌராஷ்டிரம். நெல்லுக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் ஜூலை மழை, அது நடவு நேரம். பஞ்சாபில் பம்புசெட்டும் வாய்க்காலும் இருப்பதால் மழை குறைந்த உடனே விளைச்சல் விழாது. அங்கே வெயிலைக் கவனியுங்கள். அணை நீர்மட்டத்தை மத்திய நீர் ஆணையம் வியாழக்கிழமைதோறும் வெளியிடுகிறது. விதைப்புப் பரப்பு வேளாண் அமைச்சகத்திலிருந்து வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் எழுதிவிடலாம். மாதிரிக்கு ஒன்று:

"ஐப்பசி மூன்றாம் வாரம். மழை நான்கு நாள், மொத்தம் 48 மி.மீ., அதில் 31 ஒரே ராத்திரியில். பயிர் தூர் கட்டுகிறது. கண்மாயில் இரண்டு கல் தண்ணீர். மேகத்தால் படம் இல்லை. மராத்வாடாவில் துவரை பூக்கும் நேரத்தில் மழை, விலையைப் பார்க்கணும். அப்பாவிடம் கேட்க வேண்டியது: மேலக்கால்வாயில் அடைப்பு எடுத்தாச்சா?"